சீனப் பெயர்களில் நாம் சறுக்கும் இடங்கள்

2019 அக்டோபரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் மாமல்லபுரம் வந்தபோது நம் செய்திகள் பல அவரை 'ஜின்பிங்' என்றே எழுதின. நம் பிரதமரை 'நரேந்திரா' என்று தலைப்பில் போட்டால் எப்படி இருக்கும், அப்படி. சீனத்தில் குடும்பப் பெயர்தான் முன்னால் வரும். 'ஷி' குடும்பப் பெயர், 'ஜின்பிங்' வீட்டில் வைத்த பெயர். மரியாதையாகச் சொல்ல வேண்டுமென்றால் 'ஷி', இல்லையென்றால் முழுப்பெயர். ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படிப்பதும் ஆபத்து. 2014இல் இந்தியத் தொலைக்காட்சிச் செய்தி ஒன்றில் 'ஷி'யின் ஆங்கில எழுத்துகளான 'எக்ஸ்', 'ஐ' இரண்டையும் ரோமன் எண்ணாக எடுத்துக்கொண்டு 'லெவன் ஜின்பிங்' என்று வாசித்தார்கள்!

இதைவிடப் பெரிய தவறு, ஒலியை மட்டும் வைத்துப் பொருள் சொல்வது. 'மிங் என்றால் ஒளி' என்று பெயர்ப் பட்டியல்கள் அடித்துச் சொல்லும். கூடைப்பந்து வீரர் யாவ் மிங் விஷயத்தில் அது சரிதான். அவர் பெயரில் இருப்பது சூரியனும் நிலவும் சேர்ந்த எழுத்து. ஆனால் அதே 'மிங்' ஒலிக்கு, அதே தொனியில், 'பறவையின் கூவல்' என்றொரு எழுத்தும் 'பொறித்து வைத்த வாசகம்' என்று இன்னொன்றும் உண்டு. எழுத்தைப் பார்க்காமல் பொருள் சொல்ல முடியாது. அதனால்தான் சீனர்களே அறிமுகம் செய்துகொள்ளும்போது எழுத்தைப் பிரித்துச் சொல்வார்கள். 'ஜாங்' என்பவர் "வில்லும் நீளமும் சேர்ந்த ஜாங்" என்பார். இன்னொரு ஜாங், "நிற்பதும் அதிகாலையும் சேர்ந்த ஜாங்" என்பார். இரண்டும் வேறு வேறு குடும்பப் பெயர்கள். ஒருவரிடம் பெயரின் பொருள் கேட்பதானால், எந்த எழுத்து என்று முதலில் கேளுங்கள்.

தலைகீழாகவும் நடக்கும்: எழுத்து ஒன்று, ஒலி பல. சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு 'டான்' பழகிய பெயர். ஹொக்கியன் என்ற தென்சீன மொழி பேசுபவர் 'டான்' என்பதைத்தான், இன்னொரு தென்சீன மொழியான கான்டனீஸ் பேசுபவர் 'சான்' என்பார், பொதுச் சீனமான மாண்டரினில் 'சென்'.

அப்புறம், நடுவில் வரும் அசையை 'மிடில் நேம்' என்று நினைத்துவிடுகிறோம். மாவோ ஸேதோங்கின் தம்பிகள் ஸேமின், ஸேதான். இந்த 'ஸே' அவர்கள் தலைமுறைக்கு உரிய எழுத்து. மாவோவின் மகன்கள் ஆன்யிங், ஆன்சிங்; இவர்களுக்குப் பொதுவான எழுத்து 'ஆன்'. தலைமுறை எழுத்துகளைச் செய்யுளாகவே எழுதி வைத்துக்கொண்டு, தலைமுறைக்கு ஒன்றாக எடுத்துப் பயன்படுத்திய குடும்பங்கள் உண்டு. இப்போது பலர் இதை விட்டுவிட்டார்கள்.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்திருப்பார்கள் என்று ஊகிப்பதும் வேண்டாம். நமக்கு அது மரியாதை, அங்கே அவமரியாதை. அரசர் பெயர் என்றால் இன்னும் கடுமை. பெய்ஜிங் அரண்மனையின் வடக்கு வாசல் முதலில் 'ஷுவான்வு'. பேரரசர் காங்ஷியின் இயற்பெயர் ஷுவான்யே. ஓர் எழுத்து இடித்ததால் வாசலின் பெயரே 'ஷென்வு' ஆனது. சுற்றிப் பார்த்துவிட்டு இன்றும் பலர் அந்த வாசல் வழியாக வெளியே வருகிறார்கள்.

எல்லாப் பெயரும் பழைய தத்துவம் என்று நினைப்பது இன்னொரு மயக்கம். 1949 மக்கள் குடியரசுக்குப் பிறகு 'நாட்டைக் கட்டு' என்ற பொருளில் எத்தனையோ ஜியான்குவோக்கள் பிறந்தார்கள். கலாசாரப் புரட்சிக் காலத்தில் 'வெய்தோங்', அதாவது மாவோவைக் காப்பவன். கிராமங்களில் 'கோவ்ஷெங்' என்றும் வைத்தார்கள். நாய் தின்று மிச்சம் வைத்தது என்று பொருள். கேட்டால் சிரிப்பு வரலாம், ஆனால் நம் பிச்சையும் குப்பனும் அதே பயத்தில் வந்தவர்கள்தான்: பிள்ளை மீது கெட்டது எதுவும் கண் வைக்கக் கூடாது.

கடைசியாக, திருமணமான பெண்ணைக் கணவர் பெயரால் அழைக்க வேண்டாம். ஷியின் மனைவி பெங் லியுவான் இன்றும் 'பெங்'தான். ஹாங்காங்கில் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி: முன்னாள் தலைமை நிர்வாகி கேரி லாமின் 'லாம்' கணவர் வழி வந்தது, பிறந்த வீட்டுப் பெயர் 'செங்'. அலுவல் முறை முழுப்பெயரில் இரண்டும் அடுத்தடுத்து வரும்.