ஸ்டார்ட் ஆன கார் இடையிடையே நின்றுபோனால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார் ஸ்டார்ட் ஆகிறது, கொஞ்சத்தில் நின்றுவிடுகிறது. மறுபடி சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடுகிறது. கராஜுக்குக் கொண்டுபோனாலோ அங்கே நிற்கவே மாட்டேன் என்கிறது. கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் தேவையில்லாத பாகங்களுக்குக் காசு கரைவது பெரும்பாலும் இந்தக் கோளாறில்தான்.

முதலில் ஒரு சிறு விடயம். ஐட்லிங் ஸ்டாப் உள்ள வேகன் ஆர் போன்ற கார்களும், அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட்களும் சிக்னலில் தாமாகவே எஞ்சினை நிறுத்தும். புதிதாக வாங்கியவர்கள் இதையே கோளாறு என்று நினைத்துவிடுவதுண்டு.

அடுத்த தவறு, எடுத்த எடுப்பில் பற்றரியை மாற்றுவது. ஸ்டார்ட்டர் சுறுசுறுப்பாகச் சுற்றி எஞ்சின் பற்றிக்கொண்டால் பற்றரியின் பெரிய வேலை முடிந்தது. அதன்பின் மின்சாரம் தருவது ஆல்டர்னேட்டர். பற்றரி முனைகளில் அளந்தால் எஞ்சின் ஓடாதபோது 12.6 வோல்ட்டுக்குக் கிட்டவும், ஓடும்போது 13.8 முதல் 14.4 வரையும் இருந்தால் பொதுவாக இரண்டும் நலம். சில கார்களில் கணினியே சார்ஜைக் குறைத்துவைக்கும், ஆகவே ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு அளவெடுங்கள். பற்றரியை விடப் பற்றரி முனைகளைத்தான் பார்க்க வேண்டும். கையால் திருகினால் அசைகிறதா, எஞ்சினுக்கும் காரின் உடலுக்கும் (பொடி) இடையிலான எர்த் வயர் பச்சை பூத்திருக்கிறதா? வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடல் உப்புக்காற்றில் இது சாதாரணம்.

பாகங்களைத் தொடுவதற்கு முன், எஞ்சின் எப்படி நின்றது என்று குறித்துவையுங்கள். பாதிக் கண்டுபிடிப்பு அதில் இருக்கிறது.

ஸ்டார்ட் ஆகி ஒன்றிரண்டு வினாடியில் நிற்கிறது, சாவிப் படம் போட்ட விளக்கு மின்னுகிறது என்றால் சாவியை அடையாளம் காணாவிட்டால் எஞ்சினை நிறுத்தும் திருட்டுத் தடுப்பான இம்மொபிலைசரைச் சந்தேகியுங்கள், மற்றச் சாவியால் முயன்று பாருங்கள். சாவியை விட்டதும் அது பின்னுக்கு வரும் அந்தக் கணத்திலேயே நின்றால் இக்னிஷன் சுவிச்சின் தொடுமுனை தேய்ந்திருக்கலாம். அக்சிலேட்டரை மிதித்திருக்கும்வரை ஓடி, காலை எடுத்ததும் நிற்பது பெரும்பாலும் ஐட்லிங் (அக்சிலேட்டரை மிதிக்காத ஓட்டம்) காற்றுப் பாதையின் அடைப்பு. பலர் காலை எடுக்காமலே ஓட்டிச் சமாளித்து, இந்தத் தெளிவான அடையாளத்தை மறைத்துவிடுகிறார்கள்.

சூடேறியபின் மட்டும் நிற்கும் கார்தான் அதிகம் அலைக்கழிக்கும். கொழும்பின் காலி வீதி நெரிசலில் ஊர்ந்து வரும்போது, குலுக்கலே இல்லாமல் சுவிச்சை அணைத்ததுபோலச் சட்டென நின்று, அரை மணி ஆறினால் ஸ்டார்ட் ஆனால், எஞ்சின் சுழல்வதைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சரையோ, எஞ்சின் கணினிக்கு மின்சாரம் விடும் சுவிச்சான மெயின் ரிலேயையோ பாருங்கள். இழுவை குறைந்து, திணறி, பிறகு நின்றால் பெரும்பாலும் எஞ்சினுக்குப் பெற்றோல் போதவில்லை. பிடிவாதமாக ஸ்டார்ட் ஆகாத அந்த வேளையில், காரின் கணினியை வாசிக்கும் ஸ்கேனரைச் செருகி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். ஸ்டார்ட்டர் சுற்றியும் ஆர்பிஎம் (நிமிடத்துக்கான சுழற்சி) பூச்சியமாகவே நின்றால் கிராங்க் சென்சர் சமிக்ஞை வரவில்லை. 200 அளவில் காட்டினால் பெற்றோலையும் தீப்பொறியையும் தேடுங்கள். ஆறியபின் செய்தால் இந்தச் சோதனைக்குப் பெறுமதி இல்லை.

கோட் என்பது கணினி பதிந்துவைக்கும் பிழைக் குறியீடு. “கோட் ஒன்றும் இல்லை, ஆகவே பிழையும் இல்லை” என்று திருப்பியனுப்பும் பாஸ்மாரும் (மெக்கானிக்குகளும்) உண்டு. கிராங்க் சென்சர் ஒரு கணம் விட்டுப்போனால் கோட் பதியாமலே போகலாம். சாதாரண பெற்றோல் எஞ்சின்கள் பலவற்றில் எரிபொருள் அழுத்தத்தை அளக்கும் சென்சரே இல்லை. பம்ப் சோர்ந்தால் கணினி எங்கே அறியும்? கோட் இருந்தாலோ, அதை வாசிக்குமுன் பற்றரி வயரைக் கழற்றாதீர்கள். கோட் விழுந்த நேரத்து வெப்பநிலை, வேகம் எல்லாம் அதனோடு அழியும். கணினி பழகிவைத்த ஐட்லிங் அளவும் போய், புதிதாக ஒரு குலுக்கல் சேரும்.

பெற்றோல் பம்பை ஊகத்தில் மாற்றுவது விலை கூடிய தவறு. முதலில் பம்புக்கான ரிலேக்குப் பதிலாக அதே இலக்கமுள்ள இன்னொன்றை மாற்றிப் போடுங்கள். பிறகு அழுத்தமானியால் பெற்றோலின் அழுத்தத்தை அளவெடுங்கள். பல டொயோட்டாக்களில் 44 முதல் 50 பிஎஸ்ஐ இருக்க வேண்டும், அதுவும் கோளாறு காட்டும் சூட்டில். அழுத்தம் குறைவு என்றாலும் பம்பின் பிளக்கில் வோல்ட் சரியாக வருகிறதா என்று பார்த்தபின்தான் தாங்கியைத் திறக்க வேண்டும். கால் தாங்கிக்குக் கீழேயே எப்போதும் ஓட்டாதீர்கள், பம்பைக் குளிர்விப்பது அதைச் சுற்றியுள்ள பெற்றோல்தான்.

எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ரொட்டில் பொடியைச் சுத்தம் செய்யும்போது, சுவிச் ஓனில் இருக்கையில் எலெக்ட்ரொனிக் த்ரொட்டிலின் தகட்டை விரலால் தள்ளாதீர்கள், உள்ளிருக்கும் பற்சக்கரம் கெடும். கிளீனரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். அதே திரவத்தை உள்ளே வரும் காற்றை அளக்கும் எயார்புளோ சென்சரில் அடிக்கக்கூடாது, அதற்கு வேறு கிளீனர் இருக்கிறது. நிசான் கார்களில் சுத்தம் செய்தபின் ஐட்லிங் ரீலேர்ன் (கணினிக்கு ஐட்லிங் அளவை மறுபடி பழக்குவது) செய்யாவிட்டால் மேலும் நிற்கும். காற்றுக் குழாய் சரியாகப் பொருந்தாமல் கசிந்தாலும் இதே கதைதான். கசிவைத் தேட எஞ்சின்மேல் பெற்றோல் தெளிப்பது தீயை அழைப்பது. காற்றுக் குழாய்க்குள் புகை செலுத்திக் கசிவைக் காணும் புகைச் சோதனை செய்யச் சொல்லுங்கள்.

ஓடும்போது எஞ்சின் நின்றால் ஸ்டீயரிங் கனக்கும். பிரேக் பூஸ்டரில் ஓரிரு மிதிக்குத்தான் உதவி மிச்சம் இருக்கும், ஆகவே விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டுங்கள். உருளும்போது சாவியை லொக் பக்கம் திருப்பவே கூடாது. கராஜில் விடுகிறவர்கள், ஸ்கேனரைப் பதிவில் போட்டுக்கொண்டு மாலை நெரிசலில் ஒரு சுற்று ஓட்டச் சொல்லுங்கள். காலைக் குளிரில் முற்றத்தில் ஓடவிட்டுப் பார்த்தால் சூட்டுக் கோளாறு அகப்படாது.