பூந்திக்கொட்டையில் துணி துவைப்பது எப்படி?

சலவைத் தூளைக் கைவிட நினைப்பவர்கள் பூந்திக்கொட்டையிலிருந்து தொடங்குங்கள். அதன் தோலில் உள்ள சாபோனின், எண்ணெய்ப் பிசுக்கைத் துணியிலிருந்து பிரித்துத் தண்ணீரோடு போகச் செய்யும்.

முதலில் கொட்டையை உடைத்துக் கறுப்பு விதையை எடுத்துவிடுங்கள். நமக்கு வேண்டியது தோல் மட்டும்தான். 15 கொட்டைகளின் தோலை 1 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள்.

காலையில் அந்தத் தண்ணீரோடு அப்படியே அடுப்பில் ஏற்றுங்கள். பால் போலப் பொங்கும் என்பதால் பெரிய பாத்திரம் நல்லது. சிறு தீயில் 20 நிமிடம் கொதிக்கட்டும். ஆறியதும் கையால் பிசையுங்கள், இதில் மட்டும் அவசரம் வேண்டாம். சுருங்கிக் கிடந்த தோல் இப்போது வழுவழுவென்று இருக்கும். பிசையப் பிசைய விரலிடுக்கில் வெள்ளை நுரை கசியும். சக்கையாகும்வரை பிசைந்து மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். கண்ணில் பட்டால் எரியும், கவனம்.

ஒரு வாளித் தண்ணீருக்கு 100 மில்லி போதும். அரை மணி நேரம் ஊறவைத்துக் கசக்கி அலசுங்கள். வாஷிங் மெஷினுக்கும் இதே அளவில் தொடங்கலாம். நுரை வரவில்லையே என்று மேலும் மேலும் ஊற்றாதீர்கள். நுரை குறைந்தால் அழுக்குப் போகாது என்பது சலவைத் தூள் பழக்கிவிட்ட எண்ணம். வெள்ளைத் துணியை மட்டும் நெடுநேரம் ஊறவிடாதீர்கள். ஓர் இரவு ஊறிய என் வெள்ளைத் துண்டில் பழுப்பு ஏறிவிட்டது.

விடாப்பிடியான எண்ணெய்க் கறைக்கு இது மட்டும் போதாது. பருத்தித் துணி என்றால், சலவை சோடாவைத் தண்ணீரில் குழைத்துக் கறைமேல் தடவி, 15 நிமிடம் கழித்துத் துவையுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பட்டு, கம்பளிக்கு சோடாவே வேண்டாம், அதன் காரம் இழையை அரித்துவிடும்.

துணி விறைப்பாக இருந்தால் கடைசி அலசலில் கால் டம்ளர் வினிகர் சேர்க்கலாம். சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்தால் இரண்டும் முறிந்து வீணாகும். பிளீச்சோடு வினிகர் சேரவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், அது நுரையீரலுக்கு ஆபத்து.

மிஞ்சிய கரைசல் வெளியில் இருந்தால் சில நாட்களில் புளித்துவிடும். ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். அப்புறம், கெட்டுப்போனதைக் குளத்திலோ மீன் தொட்டியிலோ கொட்டிவிடாதீர்கள். சாபோனின் மீன்களுக்கு நஞ்சு. சக்கையை உரக்குழியில் போடலாம்.