கலிஃபோர்னியாவில் நோட்டரி முத்திரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலையை விட்டுப் போகிற நாளில் லேப்டாப், அடையாள அட்டை, சாவியோடு நோட்டரி முத்திரையையும் மேலாளர் மேஜையில் வைத்துவிட்டு வருகிறார்கள் பாருங்கள், கலிஃபோர்னியாவில் நோட்டரியாக இருப்பவர்கள் செய்கிற பெரிய தவறு அதுதான். பரீட்சைக் கட்டணம், 15,000 டாலர் பாண்டுக்கான (நோட்டரியின் தவறால் யாருக்காவது நஷ்டம் வந்தால் ஈடுகட்டும் உத்தரவாதம்) பிரீமியம், முத்திரை எல்லாவற்றுக்கும் கம்பெனி பணம் கட்டியிருக்கலாம். அப்படியே இருந்தாலும் முத்திரை உங்களுடையது. யார் காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் அதை முதலாளியிடம் ஒப்படைக்கக் கூடாது என்று மாநிலச் சட்டமே சொல்கிறது. ஜர்னலும் (நீங்கள் செய்த ஒவ்வொரு நோட்டரி வேலையையும் பதிந்து வைக்கும் புத்தகம்) அப்படித்தான், முதலாளி கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

அடுத்தது மேஜை டிராயர். பூட்டிய, பாதுகாப்பான இடத்தில், உங்கள் நேரடிக் கட்டுப்பாட்டில் மட்டுமே முத்திரை இருக்க வேண்டும். பக்கத்து சீட்காரரிடமும் சாவி இருந்தால் அது பூட்டியதாகவே ஆகாது. "அவர் சாப்பிடப் போயிருக்கிறார், நானே குத்திவிடுகிறேன்" என்று யாராவது நல்லெண்ணத்தோடு செய்தாலும் சிக்கல் உங்களுக்குத்தான். முத்திரையை வேண்டுமென்றே கட்டுப்பாடில்லாமல் விடுவது அங்கே குற்றம். இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், கையெழுத்தைப் போலியாகப் போட்டு, திருடிய முத்திரையையும் குத்தினால், வயதான ஒருவரின் வீட்டையே அவருக்குத் தெரியாமல் வேறு பெயருக்கு மாற்றும் பத்திரத்தைத் தயாரித்துவிட முடியும்.

சரி, தொலைந்துவிட்டது. பலரும் "எங்காவது கிடைக்கும்" என்று ஒரு வாரம் தேடுகிறார்கள். தேடுங்கள், ஆனால் முதலில் மாநிலச் செயலாளர் அலுவலகத்துக்குக் கடிதம் போடுங்கள், சர்டிஃபைடு மெயிலில். உடனடியாகத் தெரிவிக்க வேண்டும் என்பதுதான் விதி. தொலைந்தால் மட்டுமல்ல, உடைந்தாலும் பழுதானாலும் இதே விதிதான், இது நிறைய பேருக்குத் தெரிவதில்லை. கடிதத்தில் உங்கள் பெயர், கமிஷன் எண் (அதாவது நோட்டரி நியமன எண்), என்ன நடந்தது என்பதை எழுதி, புது முத்திரை செய்ய அனுமதிச் சான்றிதழ் வேண்டும் என்றும் அதிலேயே கேட்டுவிடுங்கள். கேட்டால், கடிதம் கிடைத்த 5 வேலை நாட்களுக்குள் அதை வழங்க வேண்டும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் ஆன்லைனில் எங்காவது ஆர்டர் செய்து வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், முத்திரை செய்பவருக்கும் மாநில அனுமதி வேண்டும். திருட்டு என்றால் போலீசில் புகார் கொடுத்து நகலைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. புதியது வந்தபின் பழையது சோபா இடுக்கில் கிடைத்தால் அதை வெட்டிப் போடுங்கள், ஸ்பேராக வைத்துக்கொள்ள வேண்டாம்.

மை மங்கிப்போன முத்திரையை இழுத்தடித்துப் பயன்படுத்துவதும் தவறுதான். கையெழுத்தின் மேலோ அச்செழுத்தின் மேலோ குத்தினால், நகலில் தெளிவாக விழாது, கவுண்டி பதிவு அலுவலகம் பத்திரத்தைத் திருப்பி அனுப்பிவிடும். அப்புறம் அதே தாளில் இன்னொரு முறை குத்திச் சரிசெய்ய வழியில்லை. அந்த நபர் மறுபடி நேரில் வந்து, அடையாளம் காட்டி, புதுத் தேதியில், ஜர்னலில் புதுப் பதிவோடு முதலிலிருந்து செய்ய வேண்டும். இடம் போதவில்லையென்றால் தனிச் சான்றுத்தாள் இணையுங்கள், நெருக்கிக் குத்தாதீர்கள்.

கமிஷன் 4 ஆண்டுகள்தான். புதுப்பித்தாலும் புதுத் தேதியோடு புது முத்திரைதான் வாங்க வேண்டும். காலம் முடிந்த முத்திரையை முழுதாகக் குப்பையில் போடாமல், ரப்பரைத் துண்டு துண்டாக நறுக்கிவிட்டுப் போடுங்கள்.