மட்டக்களப்பில் ஓவியக் கண்காட்சி செய்ய நினைக்கிறீர்களா?

சுயாதீனக் கியூரேட்டருக்கு, அதாவது எந்த நிறுவனத்தையும் சேராமல் படைப்புகளைத் தெரிந்தெடுத்துக் கண்காட்சி அமைப்பவருக்கு, மாதச் சம்பளம் கிடையாது. நான் சித்திரம் படிப்பித்துத்தான் வீட்டைப் பார்க்கிறேன். நீங்களும் ஏதாவது ஒரு வருமானத்தைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

ஓவியர்களைத் தேடிக் கொழும்புக்கு ஓட வேண்டாம். கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அங்கே படித்து வெளியேறியவர்களின் வீடுகளுக்குப் போங்கள். கட்டிலுக்கு அடியில் சுருட்டிக் கிடப்பதுதான் பல நேரம் நல்ல படைப்பாக இருக்கும்.

நவம்பர் முதல் ஜனவரி வரை மாரி மழை. கடதாசியில் வரைந்த படைப்புகளை அப்போது தொங்கவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும், பிரேமின் பின்பலகை நெளியும். மே, ஜூனில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் கச்சான் காற்றின் வெக்கையில் பகலில் ஆக்கள் வரமாட்டார்கள், பின்னேரம் நாலு மணிக்குத் திறவுங்கள்.

படைப்பைக் கையேற்கும்போதே ஓவியருக்கு முன்னால் நாலு மூலையையும் போனில் படம் எடுங்கள். ஏற்கெனவே உள்ள கீறல், கறை எல்லாவற்றையும் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். மச்சான் என்றாலும் சரி. திருப்பிக் கொடுக்கும்போது அதே தாளை எடுத்து ஒப்பிடலாம்.

நிதி விண்ணப்பத்தில் ஓவியருக்கான கொடுப்பனவை முதலில் போடுங்கள். அடுத்த வரியில் உங்களுடையது. கூச்சப்படாதீர்கள், சோடாவுக்கும் பந்தலுக்கும் காசு ஒதுக்குகிறோம்தானே.