நடுவர் இல்லாத வகுப்பு: பிள்ளைகளோடு காரணம் பேசுவது எப்படி

நம் பள்ளிகளில் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. பேச்சுப்போட்டி, பட்டிமன்றம், ஆண்டுவிழா என்று வருஷம் முழுக்கப் பிள்ளைகள் மைக் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் அந்த ஐந்து நிமிடப் பேச்சை எழுதிக் கொடுத்தது யார் என்று பார்த்தால் பெரும்பாலும் அம்மாவோ தமிழாசிரியரோதான். பட்டிமன்றம் என்றால் யார் எந்த அணி என்பதை முதலிலேயே பிரித்துவிடுகிறோம், அப்புறம் கடைசிவரை அந்தப் பக்கத்தை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறவருக்குத்தான் கைதட்டல். எதிரணி சொன்னதுதான் சரி என்று நடுவில் ஒரு பிள்ளைக்குத் தோன்றினால் அதைச் சொல்ல இடமே கிடையாது. வகுப்பில் தத்துவ விசாரணை என்று பெரிய பேரில் சொல்வதெல்லாம் அந்த இடத்தை உண்டாக்குகிற வேலைதான்.

இதற்குத் தனிப் பாடமும் வேண்டாம், தனிப் புத்தகமும் வேண்டாம். வாரத்துக்கு ஒரு பீரியட் போதும். டைம்டேபிளில் நீதிபோதனை, நூலகம் என்று பேருக்கு இருந்து கணக்கு சாரிடம் போய்விடுகிற பீரியட்களில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஆறிலிருந்து எட்டு வரைக்குமான வகுப்புகள் தோது, பப்ளிக் எக்ஸாம் பயம் அங்கே இன்னும் வந்திருக்காது.

முதலில் உட்காரும் முறை. எல்லோரும் கரும்பலகையைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் எல்லாப் பதிலும் உங்களைத் தேடித்தான் வரும். வட்டமாக உட்காரவேண்டும், பெஞ்சை நகர்த்த முடியாவிட்டால் வராந்தாவுக்கோ மரத்தடிக்கோ போய்விடுங்கள். வகுப்பில் 45 பேர் என்றால் இரண்டு வட்டம்: உள்வட்டம் பேசும், வெளிவட்டம் கவனிக்கும், அடுத்த வாரம் மாறிக்கொள்வார்கள். வெளிவட்டத்தைச் சும்மா விட்டால் பத்து நிமிடத்தில் சத்தம் கிளம்பும், அதனால் யார் காரணம் சொன்னார்கள், யார் வெறுமனே அபிப்பிராயம் சொன்னார்கள் என்று குறித்துக்கொள்ளும் வேலையைக் கொடுங்கள். பேசுகிறவர்கள் பேரை வகுப்பு லீடர் கரும்பலகையில் எழுதி அடி வாங்கிக்கொடுத்த காலம் ஒன்று உண்டு அல்லவா, இங்கே பேர் எழுதுவது எதற்கு என்பதே மாறிவிடுகிறது.

அடுத்தது கதை. நீதி கடைசி வரியில் எழுதியிருக்கிற கதையாக இருக்கக்கூடாது, அல்லது அந்தக் கடைசி வரியை மறைத்துவிட்டுப் படிக்கவேண்டும். பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த கதை இன்னும் நல்லது. மனுநீதிச் சோழனையே எடுத்துக்கொள்ளுங்கள். கன்று தேரில் அடிபட்டுச் செத்தது, பசு ஆராய்ச்சி மணியை அடித்தது, ராஜா தன் மகனைத் தேர்க்காலில் இட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். பெரியபுராணத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது: இளவரசன்மேல் தேரை ஓட்டச் சொல்லி அமைச்சர் ஒருவருக்குத்தான் ராஜா முதலில் உத்தரவு போடுகிறார், அவர் அதைச் செய்ய மனமில்லாமல் தன் உயிரையே விட்டுவிடுகிறார், அதற்குப் பிறகுதான் ராஜா தானே ஓட்டுகிறார். இதைச் சொல்லி நிறுத்திவிடுங்கள். விளக்கவுரை வேண்டாம்.

இப்போது நீங்கள் கேள்வி கேட்கக்கூடாது, பிள்ளைகள்தான் கேட்கவேண்டும். இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து ஒரு கேள்வி எழுதட்டும். வந்த கேள்விகளைக் கரும்பலகையில் போட்டு மூன்றாகப் பிரியுங்கள். கதையிலேயே விடை இருக்கும் கேள்வி (மணியை அடித்தது யார்), தேடினால் விடை கிடைக்கும் கேள்வி (இது எந்த ஊரில் நடந்ததாகச் சொல்கிறார்கள்), உட்கார்ந்து யோசித்தால்தான் நகரும் கேள்வி. மூன்றாவது வகைதான் நமக்கு வேண்டியது. தெரியாமல் செய்ததற்குத் தண்டனை உண்டா? வேறு யாராவது தேரை ஓட்டியிருந்தாலும் ராஜா இதையேதான் செய்திருப்பாரா? தப்பு என்று தோன்றுகிற உத்தரவை மறுக்க அமைச்சருக்கு வேறு வழியே இல்லையா? கைதூக்கி ஓட்டுப் போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நமக்குப் பிடித்த கேள்வி தோற்றுப்போகும், பரவாயில்லை.

பேச்சு தொடங்கியதும் வாத்தியார் வேலை சுருங்கிவிடுகிறது, அதுதான் கஷ்டம். எதை வைத்து அப்படிச் சொல்கிறாய், எல்லா நேரத்துக்கும் அது பொருந்துமா, அவள் சொன்னதை உன் வார்த்தையில் சொல்லிவிட்டு மறுப்பைச் சொல்லு: இந்த மூன்றையும் மாற்றி மாற்றிச் சொன்னாலே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். குரல் முக்கியம், நம் வகுப்பறைகளில் ஏன் என்று ஆசிரியர் கேட்டால் திட்டப்போகிறார் என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். கேட்டபின் காத்திருக்கவும் வேண்டும். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டினால் பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்குகிறார்கள் என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் அமெரிக்க வகுப்பறைகளை வைத்தே காட்டினார். சரி, நல்லா சொன்ன, வெரிகுட் எல்லாவற்றையும் அந்த ஒரு பீரியடுக்கு மூட்டை கட்டி வைத்துவிடுங்கள். நீங்கள் வெரிகுட் சொன்ன நொடியில் நடுவர் ஆகிவிடுகிறீர்கள், அதற்கப்புறம் வருகிற பதிலெல்லாம் அந்த வெரிகுட்டைப் பிரதியெடுத்ததாகத்தான் இருக்கும்.

சும்மா பேசிக்கொண்டிருந்தால் காரணம் கூர்மையாகாது, நாலைந்து வாரம் கழித்து வாதத்தின் எலும்பைக் காட்டவேண்டும். இதற்கு வெளியே தேடவேண்டியதில்லை. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் சொல்லிக்கொடுக்கிறார்: இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, இது பக்கம், அதாவது நாம் நிலைநாட்ட வருகிற கூற்று. புகை இருப்பதால், இது ஏது, அதாவது காரணம். அடுக்களை போல, இது திட்டாந்தம், அதாவது உதாரணம். உபநயம், நிகமனம் என்று மேலும் இரண்டு உண்டு, ஏழாம் வகுப்புக்கு இந்த மூன்று போதும். கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டு, பிள்ளைகள் சொல்வதை அந்தந்தக் கட்டத்தில் எழுதுங்கள். பள்ளிக்கு செல்போன் கொண்டுவரக் கூடாது, கவனம் சிதறும் என்பதால், எதைப் போல? மூன்றாவது கட்டம்தான் அடிக்கடி காலியாக நிற்கும். அது கண்ணுக்குத் தெரிந்தாலே போதும், பிள்ளைகள் தாங்களே தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

இந்த அடுக்களை உதாரணத்தைச் சொன்னதும் எங்க வீட்டில் கேஸ் அடுப்பு, புகையே வராதே என்று யாராவது கேட்கக்கூடும். கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள், ஏனென்றால் அந்த பீரியடின் பொன்னான இடம் அதுதான். கேஸ் அடுப்பு வாதத்தை உடைத்துவிட்டதா? இல்லை. புகை இருந்தால் நெருப்பு இருக்கும் என்றுதான் சொன்னோம், நெருப்பு இருந்தால் புகை இருக்கும் என்று சொல்லவே இல்லை. உடைக்கவேண்டுமானால் நெருப்பில்லாத புகையைக் காட்டவேண்டும் (கல்யாண மேடையில் விடுகிற புகையை ஒரு பிள்ளை காட்டினால் எழுந்து நின்று மரியாதை செய்யுங்கள்). ஒரு வாக்கியத்தைத் திருப்பிப்போட்டால் உண்மை கூடவே திரும்பி வராது என்பது பெரியவர்களுக்கே பிடிபடாத விஷயம். மழை பெய்தால் ரோடு நனையும், ரோடு நனைந்திருந்தால் தண்ணீர் லாரி ஒழுகிக்கொண்டு போயிருக்கலாம். வாட்ஸப்பில் வருகிற வதந்திகளில் எத்தனை இந்தத் திருப்பிப்போட்ட வகை என்று ஒருநாள் எண்ணச் சொல்லுங்கள்.

வேடிக்கை என்னவென்றால் அமெரிக்காவில் இதே இடத்திலிருந்துதான் இந்த முறை புறப்பட்டது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்த மேத்யூ லிப்மன், கல்லூரிக்கு வந்தபின் யோசிக்கக் கற்றுக்கொடுப்பது காலம் கடந்த வேலை என்று முடிவுகட்டிப் பிள்ளைகளுக்காக ஒரு நாவல் எழுதினார். அதில் ஹாரி என்ற பையன் வகுப்பில் கனவு கண்டுகொண்டிருக்கும்போது, நீண்ட வாலோடு சூரியனைச் சுற்றிவருவது எது என்று ஆசிரியர் கேட்கிறார். கிரகங்கள் எல்லாம் சூரியனைச் சுற்றும், ஆகவே இதுவும் கிரகம் என்று அவன் சொல்ல வகுப்பே சிரிக்கிறது. விடை ஹாலி வால்நட்சத்திரம். எங்கே சறுக்கினோம் என்று அந்தப் பையன் யோசிப்பதிலிருந்துதான் கதை நகர்கிறது. 1974இல் லிப்மன் நியூஜெர்சியில் மான்ட்கிளேர் கல்லூரியில் பிள்ளைகளுக்கான தத்துவத்துக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார், ஆன் மார்கரெட் ஷார்ப் அவரோடு சேர்ந்து வேலை செய்தார். வட்டமாக உட்கார்வதும் பிள்ளைகளே கேள்வி போடுவதும் அவர்கள் பரப்பிய முறை.

தமிழாசிரியர்களுக்கு ஒரு யோசனை. நன்னூலின் ஏழு மதத்திலிருந்து (மதம் என்றால் இங்கே ஒரு கருத்தைப் பற்றி எடுக்கும் நிலைப்பாடு) மூன்றை மட்டும் எடுத்து அட்டையில் எழுதிக் கொடுங்கள்: உடன்படல், மறுத்தல், பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு. அடுத்தவர் சொன்னதை முதலில் ஏற்றுக்கொண்டு, பிறகு அது எங்கே நிற்காது என்று காட்டுவதுதான் மூன்றாவது. பேசுகிற பிள்ளை அட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் பேசவேண்டும். மூன்றாவது அட்டையை முதல்முறை தூக்கும் நாள் வரக் கொஞ்ச காலம் பிடிக்கும்.

எதையும் விவாதத்துக்கு வைக்கலாம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. பூமி உருண்டையா என்பதை ஓட்டுக்கு விடக்கூடாது, சான்றைக் காட்டவேண்டும். தீண்டாமை சரியா தவறா என்று இரண்டு பக்கம் பிரித்துப் பேசவைக்கவே கூடாது. அந்த வட்டத்தில் அதனால் அடிபட்ட வீட்டுப் பிள்ளை உட்கார்ந்திருக்கும், தன் மதிப்புக்குத் தானே வக்கீலாக நிற்கவேண்டிய நிலைமையை அந்தப் பிள்ளைக்கு நாம் உண்டாக்கக்கூடாது. ஆனால் சாதியைப் பற்றி ஒரு பிள்ளை தானாகக் கேட்டால் வாயை மூடச் சொல்லவும் கூடாது. யார் வீடு எது என்று போகாமல், ஒரு வழக்கம் ரொம்ப நாளாக இருக்கிறது என்பதே அது சரி என்பதற்குக் காரணம் ஆகுமா என்று கேள்வியைப் பொதுவாக்கித் திருப்பித் தரலாம்.

ஹெச்.எம்.மிடம் போய் இதனால் மார்க் ஏறும் என்று சொல்லி அனுமதி வாங்காதீர்கள். இந்த முறையை வைத்து இங்கிலாந்தில் 48 பள்ளிகளில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில் வாசிப்பிலும் கணக்கிலும் சுமார் இரண்டு மாதப் படிப்புக்கு ஈடான முன்னேற்றம் தெரிந்தது. 2021இல் வெளியான, கிட்டத்தட்ட 200 பள்ளிகளை வைத்த பெரிய ஆய்வில் வாசிப்பு மதிப்பெண்ணில் அப்படி எதுவும் தெரியவில்லை. மார்க்கைக் காட்டி வாங்கிய பீரியட் மார்க் வராதபோது பறிபோகும். பிள்ளைகள் அடுத்தவர் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கப் பழகுவார்கள், கைடில் இல்லாத கேள்வி கேட்பார்கள் என்று சொல்லியே கேளுங்கள். மதிப்பெண் போடவும் போடாதீர்கள். பீரியட் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆளுக்கொரு துண்டுச்சீட்டில், இன்று என் எண்ணம் மாறியது அல்லது மாறவில்லை, காரணம் இது என்று இரண்டு வரி எழுதி வாங்கி வைத்துக்கொண்டால் போதும்.

பையன் வீட்டில் எதிர்த்துப் பேசுகிறான் என்று எப்படியும் யாராவது அப்பா வருவார். பெற்றோர் கூட்டத்தன்று வந்தவர்களையே ஒரு இருபது நிமிடம் வட்டமாக உட்காரவைத்து அதே மனுநீதிச் சோழன் கதையைச் சொல்லி, கேள்விகளை அவர்களையே எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகள் வெளிவட்டத்தில் உட்கார்ந்து, யார் காரணம் சொன்னார்கள் என்று குறித்துக்கொள்ளட்டும்.