பெங்களூரில் ஒரு தெருவுக்குப் பெயர் வைப்பதற்கு முன்

பெங்களூரில் புதிதாக எழும் லேஅவுட்டின் தெருக்களுக்குப் பெயர் சொல்லுங்கள் என்று குடியிருப்போரைக் கேட்டால், முதலில் வருவது தலைவர்களின் பெயர்கள்தாம். அதில் உடன்பாடு ஏற்படாவிட்டால் 3-வது மெயின், 7-வது கிராஸ் என்று எண்களோடு வேலை முடிந்துவிடும். அந்த மண்ணுக்கு ஏற்கெனவே என்ன பெயர் இருந்தது என்று தேடிப் பார்த்த பிறகே புதுப் பெயரைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தேடலைக் கல்வெட்டிலிருந்து தொடங்கலாம். பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளைத் தொகுத்த எபிகிராபியா கர்னாடிகா என்ற கல்வெட்டு நூல்வரிசையின் 9-ஆம் தொகுதி 1905-இல் வெளிவந்தது. அதில் தமிழ்க் கல்வெட்டுகளும் இருப்பதால், கன்னடம் படிக்கத் தெரியாதவர்களும் தயங்க வேண்டியதில்லை. தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயில் கல்வெட்டுகள் அவ்வூரைத் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் குறிக்கின்றன. கல்லை நேரில் படிக்கப் போகிறவர்கள் அதன்மேல் மாவோ சுண்ணாம்போ பூசக் கூடாது. டார்ச் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் போதும். வெறும் பாறையாகத் தெரிந்த இடத்தில் பள்ளங்களில் நிழல் விழுந்து, ஒவ்வொரு சுழியாக எழுத்து எழுந்து வரும்.

பெயர்களை ஒப்பிடும்போது ஓர் ஒலிமாற்றத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பழங்கன்னடத்தில் சொல் முதலில் இருந்த பகரம் பிற்காலத்தில் ஹகரமாயிற்று. நம் பால் அங்கே ஹாலு, பாம்பு ஹாவு, பள்ளி ஹள்ளி. ஹெப்பாளில் கிடைத்த, ஏறத்தாழ பொ.ஆ. 750-ஐச் சேர்ந்த நடுகல் அவ்வட்டாரத்தைப் பெர்ப்பொழல் நாடு என்று சொல்வதை இந்த மாற்றத்தைக் கொண்டே புரிந்துகொள்ள முடியும். ஆனால் ஒலி ஒத்திருப்பது மட்டும் சான்றாகிவிடாது, அழகான கதையும் சான்றாகிவிடாது. ஹொய்சள மன்னன் வீரபல்லாளனுக்கு ஒரு மூதாட்டி வெந்த பயறு கொடுத்ததால் ‘பெந்தகாளூரு’ என்ற பெயர் வந்தது என்பார்கள்; அவன் காலத்துக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் முந்திய பேகூர் நடுகல்லிலேயே பெங்களூரு என்ற பெயர் இருக்கிறது. எந்தப் பெயர்க் கதையையும் இப்படி ஆண்டோடு வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து நீர்நிலைகள். இந்த ஊரில் மிக அதிகமாகத் தொலைந்தவை அவைதாம். தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் மெஜஸ்டிக் பேருந்து நிலையமும், சம்பங்கி ஏரியில் கண்டீரவா ஸ்டேடியமும் நிற்கின்றன. பழைய கிராம வரைபடத்தை வாங்கிப் பார்த்தால் கெரே (ஏரி), கட்டே (கரைகட்டிய சிறு நீர்நிலை), குண்டே (குட்டை), ராஜகாலுவே (பெருங்கால்வாய்), குண்டுதோப்பு (ஊர்ப் பொதுத் தோப்பு) என்று மண்ணின் அமைப்பு முழுவதும் தெரிந்துவிடும். நாங்கள் குடியேறிய லேஅவுட்டில் ஒரு தெருவில் மட்டும் கனமழை பெய்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். பத்திரத்தில் சர்வே எண்ணைத் தவிர வேறு எதுவும் இல்லை. பால் ஊற்ற வரும் பெரியவர்தான், “அது கோடி, அம்மா. ஏரி நிறைஞ்சா தண்ணி அந்தப் பக்கமாத்தான் போவும்” என்றார். அத்தெருவுக்குக் கெரெகோடி ரஸ்தே என்று பெயர் இருந்திருந்தால், அங்கே மனை வாங்கியவர்கள் தரைமட்டத்தை உயர்த்தியாவது கட்டியிருப்பார்கள்.

ஆகவே பெரியவர்களிடம் கேளுங்கள். உட்கார வைத்துக் கேட்பதைவிட உடன் நடந்து கேட்பது நல்லது, ஏனெனில் இடத்தைப் பார்த்தால்தான் பெயர் நினைவுக்கு வரும். சொன்னவரின் வயது, தொழில், சொன்ன இடம், உச்சரித்த விதம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். தமிழர் வழக்கும் சான்றுதான்: படை தங்கிய இடத்தைக் குறிக்கும் தண்டு என்ற சொல் சிவாஜிநகர்த் தண்டு மாரியம்மன் கோயிலின் பெயரில் இன்றும் வாழ்கிறது.

கிடைத்த பெயர்கள் எல்லாவற்றையும் மீட்க வேண்டும் என்பதில்லை. அக்கிப்பேட்டை (அக்கி என்றால் அரிசி), பளேபேட்டை (பளே என்றால் வளையல்) போலத் தொழிலைச் சொல்லும் பெயர்கள் சிறந்தவை. ஒரு சாதியை இழிவுபடுத்தும் பெயர் கல்வெட்டிலேயே இருந்தாலும் அதை ஆவணத்தில் விட்டுவிடுங்கள். மக்களுக்குப் பழகிய பெயரைத் தக்க காரணமின்றி மாற்றக் கூடாது, அக்கம்பக்கத்தில் உள்ள பெயரையே மறுபடி வைத்துக் குழப்பக் கூடாது என்று மத்திய உள்துறை அமைச்சகம் 1953-இலேயே நெறிமுறை வகுத்தது. அது ஊர்ப் பெயர்களுக்காக வகுக்கப்பட்டது என்றாலும் தெருவுக்கும் பொருந்தும். இருக்கும் பெயரைப் பிடுங்குவதைவிட, எண் மட்டுமே உள்ள கிராஸ், பெயரில்லாத பூங்கா, புதுப் பேருந்து நிறுத்தம் ஆகியவற்றுக்குப் பழம்பெயரைக் கொடுப்பது எளிது, சண்டையும் வராது.

முன்மொழிவைக் கன்னட வடிவத்திலேயே எழுதுங்கள். கல்வெட்டில் தமிழ் வடிவம் இருந்தால் அதைத் திணிக்க வேண்டாம், சான்றாக இணையுங்கள். கல்வெட்டின் எண், வரைபட நகல், பேசியவர்களின் குறிப்பு, தெருவாசிகளின் கையெழுத்து ஆகியவற்றோடு மாநகராட்சியில் மனுக் கொடுக்கும்போது, பெயர்ப்பலகையின் அடியில் எழுத வேண்டிய ஒரு வரியையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்: “இங்கே ஏரியின் கோடி இருந்தது.”