ஜிம்மோடு மல்லுக்கட்டும்போது செய்யக்கூடாதவை

ஜிம் ரிசப்ஷனில் யாராவது குரலை உயர்த்தினால், ட்ரெட்மில்லில் ஓடிக்கொண்டிருப்பவர்கள் இயர்போனை ஒரு காதிலிருந்து மட்டும் கழற்றிவிடுவார்கள். நானும் கழற்றுவேன். புகார் சொல்பவர் எந்த இடத்தில் கோட்டைவிடப் போகிறார் என்று பார்ப்பதில் எனக்கு ஓர் ஆர்வம். உறுப்பினராக அந்த மேசைக்கு இந்தப் பக்கம் நின்று கத்தியிருக்கிறேன். பிறகு சில வருடம் அந்தப் பக்கம் உட்கார்ந்து மற்றவர்கள் கத்துவதை வாங்கிக்கொண்டும் இருந்திருக்கிறேன். புதிதாகச் சேர்கிறவர்கள் இன்றும் அதே குழிகளில்தான் விழுகிறார்கள். அதுதான் ஆச்சரியம்.

ஒப்பந்தத்தைப் படியுங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள், மரியாதையாகப் பேசுங்கள் என்பதையெல்லாம் நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

ட்ரெய்னரிடம் போய்க் கத்துவது

ஏசி ஓடவில்லை, குளியலறையில் வெந்நீர் வரவில்லை, இரண்டு முறை பணம் பிடித்துவிட்டார்கள். எதுவானாலும் கோபம் முதலில் விழுவது கண்ணில் படுகிற ட்ரெய்னர் தலையில். பல ஜிம்களில் அவர் மாதச் சம்பளக்காரர்கூட இல்லை. தனிப் பயிற்சிக்கு வரும் பணத்தில் ஒரு பங்கு வாங்குகிறவர், அல்லது இடத்துக்கு வாடகை கொடுத்துத் தன் ஆட்களுக்குப் பயிற்சி தருகிறவர். மெஷினைப் பழுதுபார்க்க யார் வருகிறார்கள் என்றே அவருக்குத் தெரியாது.

ரிசப்ஷனில் இருப்பவர் நிலையும் பெரிதாக வேறில்லை. வருகையைப் பதிவு செய்யலாம், புதியவரைச் சேர்க்கலாம், அதிகம் போனால் சந்தாவைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாம். பணத்தைத் திருப்பித் தரும் பொத்தான் அவர் திரையிலேயே இருக்காது. பல கிளைகள் உள்ள ஜிம் என்றால் வசூல் தலைமை அலுவலகத்திலிருந்து நடக்கும். சில இடங்களில் வசூலுக்கென்றே தனி நிறுவனம் உண்டு. “இதில் முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு, அவருடைய மின்னஞ்சல் என்ன?” என்று கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். அதற்கு மேல் அந்த மேசையில் நடப்பதெல்லாம் வேடிக்கை பார்ப்பவர்களுக்கான நிகழ்ச்சி.

பொத்தாம்பொதுவாகப் புகார் சொல்வது

“மெஷின் எல்லாம் வேஸ்ட்டா கிடக்கு” என்று சொன்னால், “பார்க்கச் சொல்றோம் சார்” என்று பதில் வரும். அதோடு அது முடிந்தது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: கண்ணாடிப் பக்கம் உள்ள கேபிள் மெஷின், இடது கை வடம், கைப்பிடி மாட்டும் கொக்கிக்கு ஒரு சாண் மேலே பிளாஸ்டிக் உறை பிளந்து உள்ளே கம்பி இழைகள் தெரிகின்றன, இரண்டு இழை அறுந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. இதற்கு மழுப்பல் பதில் சொல்ல யாருக்கும் துணிவு வராது. வடம் அறுந்து யாருக்காவது அடிபட்டால், முன்பே சொல்லியும் கவனிக்கவில்லை என்ற பேச்சு வரும் என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு படமும் எடுத்து அனுப்புங்கள். (உடைமாற்றும் அறையில் மட்டும் போனை வெளியே எடுக்காதீர்கள். உங்கள் புகார் போய், உங்கள் மேல் புகார் வந்துவிடும்.)

இன்னொன்று. ஆபத்தான விஷயத்தையும் எரிச்சலூட்டும் விஷயத்தையும் ஒரே கடிதத்தில் கலக்காதீர்கள். வடம் பிளந்ததையும் பாட்டுச் சத்தம் அதிகம் என்பதையும் சேர்த்து எழுதினால், சத்தத்தைக் குறைத்துவிட்டு “உங்கள் புகார் சரிசெய்யப்பட்டது” என்று எழுதிவிடுவார்கள்.

வாயால் சொல்லி ரத்து செய்வது

இதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் நேரத்தையும் மனநிம்மதியையும் கெடுக்கும். இது மாதாமாதம் பணத்தைத் தின்னும்.

நான் மேசையில் இருந்தபோது ஒருவர் வந்தார். ஆறு மாதத்துக்கு முன்பே வேலை மாறி வேறு பக்கம் குடிபோனவர். போகிற வழியில் ரிசப்ஷனில் இருந்த பையனிடம், “அடுத்த மாசத்துலேர்ந்து வரமாட்டேன் தம்பி, நிறுத்திடுங்க” என்று சொல்லியிருக்கிறார். “சரிண்ணே, நான் பாத்துக்கறேன்” என்று அவனும் சொல்லியிருக்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. மஞ்சள் தாள் ஒன்றில் பேரை எழுதி கம்ப்யூட்டர் திரை ஓரத்தில் ஒட்டி வைப்பான், அது அவன் பழக்கம். பிறகு அவன் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டான். தாள் எப்போது விழுந்ததோ, யார் கூட்டித் தள்ளினார்களோ. பணம் மட்டும் தேதி தவறாமல் போய்க்கொண்டே இருந்தது. வேறு எதற்கோ வங்கிக் கணக்கைப் பார்த்தபோதுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

“சொன்னேனே!” என்றார்.

“யார்கிட்ட சார்?”

“உயரமா, கண்ணாடி போட்டு ஒரு பையன் இருப்பானே.”

சிஸ்டத்தில் சந்தா நடப்பில் இருப்பதாகக் காட்டியது. குறிப்பு எதுவும் இல்லை. ஒப்பந்தத்தில் எழுத்துமூலம் 30 நாள் முன்னறிவிப்பு என்று இருந்தது, கீழே அவருடைய கையெழுத்து. மேலிடத்தில் கேட்டேன். நல்லெண்ணத்துக்காக ஒரு மாதப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், மற்றது முடியாது என்றார்கள். அந்த மனிதர் சொன்னது அத்தனையும் உண்மை என்று எனக்குத் தெரியும். அந்த மஞ்சள் தாள்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனாலும் அவர் கையில் காட்ட ஒன்றும் இல்லை.

ஜிம்களின் ரிசப்ஷனில் ஆட்கள் வேகமாக மாறுவார்கள். இன்று உங்கள் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர் நீங்கள் அடுத்த முறை பிரச்சினையோடு வரும்போது இருக்கமாட்டார். எழுதியது மட்டும்தான் அடுத்த ஆளுக்குப் போய்ச் சேரும். இதை ஜிம் நடத்துகிறவர்கள் நன்றாகவே அறிவார்கள். போனில் நாலு தட்டு தட்டினால் சேர்ந்துவிடலாம். விலக வேண்டுமென்றால் மட்டும் நேரில் வரணும், படிவம் நிரப்பணும், மேனேஜர் இருக்கணும். சேர்வது எவ்வளவு எளிதோ விலகுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் (FTC) 2024 அக்டோபரில் ஒரு விதியே கொண்டுவந்தது. முழுமையாக அமலுக்கு வருமுன்பே, 2025 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

உறுப்பினர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பொருளாதார அறிஞர்கள் ஸ்டெஃபானோ டெல்லாவிக்னாவும் உல்ரிகே மால்மெண்டியரும் அமெரிக்காவில் மூன்று ஜிம்களின் பதிவேடுகளை அலசி 2006-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பத்து வருகைக்கான பாஸ் வாங்கி, ஒரு வருகைக்கு 10 டாலர் என்ற கணக்கில் வந்துபோகும் வசதி இருந்தும் மாதச் சந்தாவைத் தேர்ந்தெடுத்தவர்கள், வந்த நாட்களைக் கணக்குப் போட்டால் ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் கொடுத்திருந்தார்கள். கடைசியாக ஜிம்முக்கு வந்த நாளுக்கும் சந்தாவை ரத்து செய்த நாளுக்கும் நடுவே சராசரியாக 2.3 மாத இடைவெளி. அடுத்த வாரத்திலிருந்து போகலாம் என்ற நம்பிக்கைக்கு மாதச் சந்தா கட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இதில் நம்மவர்கள் கண்டுபிடித்திருக்கும் குறுக்குவழிகள் வேறு. “கார்டு காலாவதி ஆகப்போகுது, தானா நின்னுடும்” என்பார்கள். நிற்கும் என்று நம்பமுடியாது. பழைய கார்டுக்குப் பதில் புதிது வந்தால், அதன் விவரத்தை வழக்கமாகப் பணம் பிடிக்கும் வணிகர்களுக்குப் புதுப்பித்துத் தரும் சேவையை விசா, மாஸ்டர்கார்டு போன்றவை வைத்திருக்கின்றன. உங்கள் வங்கி அதில் இருந்தால், புதுக் கார்டிலும் பணம் போகும்.

“வங்கியில சொல்லி ஆட்டோ டெபிட்டை நிறுத்திட்டேன்” என்பது அடுத்தது. அது பணம் போகும் வழியை அடைக்கும், அவ்வளவே. ஒப்பந்தம் உயிரோடுதான் இருக்கும். நிலுவை ஏறும், தாமதக் கட்டணம் சேரும், கடைசியில் வசூல் ஆட்கள் கூப்பிடுவார்கள். முதலில் ரத்துக் கடிதம், முன்னறிவிப்புக் காலம் முடிந்தபின் வங்கி. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

மூன்றாவது, தற்காலிக நிறுத்தத்தை ரத்து என்று நினைத்துக்கொள்வது. “வேணும்னா ஃப்ரீஸ் பண்ணி வைக்கறேன் சார்” என்று அன்பாகக் கேட்பார்கள். குறித்த காலம் முடிந்ததும் பணம் பிடிப்பது தானாகத் தொடங்கும். நிறுத்தி வைத்த மாதங்களை ஒப்பந்தத்தின் கடைசியில் சேர்ப்பதும் வழக்கம்.

சரி, என்ன எழுதுவது? நீளமாக வேண்டாம்.

“என் உறுப்பினர் எண் இது. இன்றைய தேதியிட்ட இந்தக் கடிதம் மூலம் என் உறுப்பினர் ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன். முன்னறிவிப்புக் காலம் முடியும் தேதியையும், கடைசியாகப் பிடிக்கவிருக்கும் தொகையையும் எழுத்தில் உறுதிசெய்யுங்கள். அதற்குப் பிறகு என் கணக்கிலிருந்து பணம் எடுக்க நான் அனுமதி தரவில்லை.”

காரணம் எழுதாதீர்கள். தூரம் என்றால் “அங்கேயும் நம்ம கிளை இருக்கு” என்பார்கள். நேரமில்லை என்றால் காலை நேரச் சந்தா ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். இதற்கு ஒரு விலக்கு உண்டு. உடல்நலக் குறைவுக்கோ இடமாற்றத்துக்கோ இடையிலேயே விலகலாம் என்று உங்கள் ஒப்பந்தம் சொன்னால், அந்தக் காரணத்தை எழுதிச் சான்றையும் இணையுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். மின்னஞ்சலில் அனுப்பினால் பதில் வரும்வரை விடாதீர்கள். போனில் பேசினாலும், வைத்த கையோடு “இன்று காலை நாம் பேசியபடி” என்று தொடங்கி ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். பணம் பிடிக்கும் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் போய் நின்றால், இன்னொரு மாதத்தைக் கட்டிவிட்டுத்தான் வெளியே வரமுடியும். அதையும் கணக்கில் வையுங்கள்.

ஆயுள் சந்தா

யாருடைய ஆயுள் என்று கேளுங்கள்.

கூட்டமில்லாத மதியத்தில் சுற்றிப் பார்த்துச் சேர்வது

நீங்கள் தினமும் வரப்போகிற நேரத்தில் போய்ப் பாருங்கள். அவ்வளவுதான்.

ட்ரெய்னரை நம்பிப் பெரிய பேக்கேஜ் வாங்குவது

நல்ல ட்ரெய்னர் கிடைத்த சந்தோஷத்தில் ஐம்பது வகுப்புக்கு மொத்தமாகப் பணம் கட்டுவார்கள். அந்த ட்ரெய்னர் பன்னிரண்டாம் வகுப்பில் வேலையை விட்டுப் போவார். பணம் ஜிம்மிடம் இருக்கும், அவர் பக்கத்துத் தெரு ஜிம்மில் இருப்பார். பதிலுக்கு வருகிறவர் உங்கள் தோள்பட்டை வலியைப் பற்றி ஒன்றும் அறியாமல் முதல் நாளே தலைக்கு மேல் எடை தூக்கச் சொல்வார். வாங்கும் முன்பே மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: வகுப்புகள் எப்போது காலாவதி ஆகும், ட்ரெய்னர் விலகினால் மீதிப் பணம் வருமா, அவர் வராத நாள் யார் கணக்கில். பதில் சொல்லத் தயங்கினால் சின்னப் பேக்கேஜாக வாங்குங்கள். தள்ளுபடி குறையும், பரவாயில்லை.

ஒரு வருடப் பணத்தை ரொக்கமாகக் கட்டுவது

வருடச் சந்தாவே தப்பு என்று சொல்லமாட்டேன். ஒழுங்காகப் போகிறவருக்கு அது லாபம். ஆனால் ஜிம் இழுத்து மூடப்பட்டால், முன்பணம் கட்டியவர், பணம் வரவேண்டியவர்கள் வரிசையில் பெரும்பாலும் கடைசியில்தான் நிற்பார். வங்கிக் கடன், வரி, ஊழியர் சம்பளம் எல்லாம் போன பிறகு மிச்சமிருந்தால்தான் அவருக்கு. கார்டில் கட்டியிருந்தால், தராத சேவைக்கான பணத்தைத் திரும்பக் கேட்டு வங்கியில் முறையிட ஒரு வழியாவது இருக்கும். அதற்கும் கெடு உண்டு, பொதுவாக 120 நாள் அளவில். முடியப்போகிறது என்பதற்கு அறிகுறிகளும் தெரியும்: பழுதான மெஷின் மேல் ஒட்டிய தாள் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும், ட்ரெய்னர்கள் ஒவ்வொருவராகக் குறைவார்கள், திடீரென்று மூன்று வருடச் சந்தா பாதி விலைக்கு வரும். அந்த மூன்றாவதைப் பார்த்தால் வாங்க ஓடாதீர்கள்.

முதல் வேலையாக ஒரு நட்சத்திர விமர்சனம் போடுவது

அவர்கள் பயப்படுவதே அதற்குத்தான், அதை முதல் நாளே செலவழித்துவிட்டால் அப்புறம் பேச ஒன்றும் இருக்காது. எழுத்தில் கேட்டு, பதில் சொல்ல நியாயமான அவகாசம் கொடுத்து, ஒன்றும் நடக்கவில்லை என்றால் போடுங்கள். தேதி, கேட்டது, வந்த பதில் மட்டும் போதும். திட்டாதீர்கள், மேனேஜர் அந்தத் திட்டுக்கு மட்டும் பதில் எழுதிவிட்டு மற்றதை விட்டுவிடுவார்.

லாக்கரை மறப்பது

விலகும் நாளன்று ஷூவை எடுங்கள், பூட்டைக் கழற்றுங்கள், சாவிக்குக் கட்டிய முன்பணத்தை அங்கேயே வாங்குங்கள். நுழைவுக் கார்டை ஒப்படைத்தால் அதற்கும் ஒரு ரசீது.